இரண்டு பல் கூடுதல்

"மேடு வந்தா என்ன பண்ணுவீங்க?" என்று நாஜியா ஒருமுறை கேட்டாள். அப்போது அவளுக்கு ஐந்து வயது. கிள்ளானில் அவளுடைய அத்தா ஷபீரின் துணிக்கடைக்குப் பின்னால் ஒரு சாமான் அறை உண்டு. அங்கே கவிழ்த்து வைத்திருந்த இரண்டு மலைச் சைக்கிள்களுக்கு நடுவில் உட்கார்ந்துகொண்டுதான் கேட்டாள். அவளுடைய சின்னச் சைக்கிளுக்குக்கூட மூன்று கியர் இருந்தது. இந்தப் பெரிய சைக்கிள்களுக்கு ஒன்றே ஒன்றுதான்.

"எழுந்து நின்னு மிதிப்போம்மா," என்றார் அத்தாவின் சைக்கிள் கூட்டாளி ரேமண்ட்.

"அப்பவும் முடியலன்னா?"

"இறங்கித் தள்ளுவோம்."

"தள்ளவும் முடியலன்னா?"

செயினுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்த ஷபீர் தலையைத் தூக்காமலே சொன்னான். "அதுக்குத்தான் ரெண்டு பேரு போறோம்."

இது நடந்து ஆறு ஆண்டுகள் ஆகிவிட்டன. ஆறு ஆண்டுகளும் இருவரும் சேர்ந்தே டெங்கில் ஊர்ப் பக்கத்தில், எண்ணெய்க்காக வளர்க்கும் செம்பனைத் தோட்டத்தில் நடக்கும் சைக்கிள் ஓட்டத்துக்குப் போனார்கள். அதில் ஒற்றைக் கியர்க்காரர்களுக்கென்று தனிப் பிரிவு இருந்தது. இருவர் ஓர் அணி. பன்னிரண்டு கிலோமீட்டர் பாதையை மூன்று சுற்றுச் சுற்ற வேண்டும். ஒருவர் முடிவுக் கோட்டைத் தொட்டு இரண்டு நிமிடத்துக்குள் மற்றவரும் தொட்டால்தான் அணிக்கு இடம். ஐந்து அணிகள் வரும். ரேமண்டும் ஷபீரும் ஐந்தாவதாக வருவார்கள்.

பிரிக்பீல்ட்ஸில் குடியிருக்கும் ரேமண்ட் மின்தூக்கி பழுதுபார்ப்பவர். வயது ஐம்பத்திரண்டு. ஷபீர் அவரைவிட ஒன்பது வயது சிறியவன். அவர்களுக்குள் எழுதாத ஓர் ஏற்பாடு இருந்தது. பெயர் கொடுப்பது, காலைச் சாப்பாட்டுக்கு நாசி லெமாக் வாங்குவது, தொடங்கும் இடத்தில் எந்த மரத்தடியில் நிற்பது என்பதெல்லாம் ரேமண்டின் வேலை. ஸ்பேனர் ஷபீருடையது. நாளெல்லாம் ஊரார் மின்தூக்கிகளில் நட்டு முடுக்கும் ரேமண்ட், தன் சைக்கிளில் ஒரு நட்டைக்கூடத் தொட்டதில்லை. ஓட்டத்துக்கு முந்தின சனிக்கிழமை மாலை அவர் மாதா கோயில் பூசைக்குப் போயிருக்கும்போது, ஷபீர் வேனை எடுத்துக்கொண்டு பிரிக்பீல்ட்ஸ் வருவான். படிக்கட்டுக்குக் கீழே பூட்டியிருக்கும் சைக்கிளைத் திறந்து, பார்த்து, வேனில் ஏற்றிவிடுவான். பூட்டின் மறுசாவி அவனிடம் இருந்தது.

இருவருக்கும் ஒரே கியர். பின் பல்சக்கரத்தில் பதினெட்டுப் பல். ஒரே அளவு என்றால் கால்களும் ஒரே தாளத்தில் சுற்றும். பேசிக்கொண்டே போகலாம். அப்படித்தான் ஆறு ஆண்டுகளும் போனார்கள்.

ஏழாம் வருடம் மட்டும் ரேமண்ட் ஷபீரிடம் ஒன்றைச் சொல்லவில்லை. ஓட்டத்துக்கு மூன்று வாரம் முன்பு, ஏணியில் ஏறும்போது நெஞ்சு பிடித்துக்கொண்டது. கிளினிக் டாக்டர் அவரை ஓடும் பட்டையில் நடக்கவிட்டுப் பார்த்தார். பெரிய ஆஸ்பத்திரிக்கு ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தார். "அதுவரைக்கும் மூச்சு வாங்குற மாதிரி எதுவும் வேணாம் அங்கிள். சைக்கிள்னா மெதுவா, சமதரையில." ரேமண்ட் கடிதத்தை நான்காக மடித்துத் தன் ஜெபப் புத்தகத்துக்குள் வைத்தார். வீட்டில் அவர் மனைவி மகதலேனாவும் தினமும் திறக்கும் ஒரே புத்தகம் அதுதான் என்பது அவருக்கு அப்போது தோன்றவில்லை.

ஞாயிறு காலை ஏழரைக்கு ஓட்டம் தொடங்கியது. முதல் நாலு கிலோமீட்டர் தோட்டத்துச் செம்மண் பாதை, தட்டையானது. அங்கேயே ரேமண்ட் பின்தங்கினார். கால்கள் பரபரவென்று சுற்றின. சைக்கிளோ முன்னால் போகவில்லை.

"என்னாண்ணே, காலையிலயே டான்ஸா?" என்று ஷபீர் திரும்பிப் பார்த்துச் சிரித்தான். "எம் பின்னாடியே வாங்க. காத்த நான் புடிக்கிறேன்."

வயதாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டார் ரேமண்ட். அந்த நினைப்பு அவருக்குப் பிடிக்கவில்லை.

பிறகு மேடு வந்தது. அதை அவர் மூன்று மங்கள வார்த்தை மேடு என்று சொல்லுவார். அடிவாரத்தில் அந்த மாதா ஜெபத்தைத் தொடங்கினால், மூன்றாவது முறை முடிக்கும்போது உச்சி வரும். வழக்கமாக மூன்றாவது ஜெபத்தில் சொற்கள் இருக்காது, மூச்சுதான் இருக்கும். அன்று கடைசி ஆமென் வரை வாய்விட்டுச் சொன்னார். மாதாவுக்கு மனதார நன்றியும் சொன்னார். உச்சியில் ஒரு காலைத் தரையில் ஊன்றி நின்று ஷபீருக்காகக் காத்திருந்தார். முதலில் ஏறியவர் மற்றவருக்காக நிற்பது அவர்களின் வழக்கம். ஆனால் ஷபீருக்காக அவர் நின்றது அதுவே முதல் முறை.

இரண்டாம் சுற்றிலும் அதேதான். தட்டையில் தவிப்பு, மேட்டில் சுகம். இதற்குள் ஓர் அணிக்குச் செயின் அறுந்தது. இன்னோர் அணிக்கு டயர் கிழிந்தது. "அங்கிள், நீங்க இப்ப மூணாவது!" என்று தண்ணீர் மேசையருகே நின்றிருந்த பிரவின் கத்தினான். இரண்டாவதாகப் போய்க்கொண்டிருந்த இளைஞன் அவன். "கடைசியும் நீங்கதான், அத விடுங்க. ஆனா கப்பு உண்டு லா!"

ரேமண்டுக்கு உடம்பெல்லாம் சூடேறியது. ஆறு வருடத்தில் முதல் கோப்பை. இறங்கிக் குனிந்து டயரை அமுக்கிப் பார்த்தார். அப்போதுதான் கண்ணில் பட்டது. பின் சக்கரம் அதன் பிடியில் கொஞ்சம் முன்னால் நகர்ந்து உட்கார்ந்திருந்தது, ஒரு விரல் நகத்தின் அளவு. சக்கரம் ஏன் நகர வேண்டும்? பல்சக்கரத்தில் சேறு ஒட்டிய ஒரு பல்லில் விரலை வைத்து எண்ணத் தொடங்கினார். பதினெட்டில் நிற்க வேண்டிய விரல் நிற்கவில்லை. மறுபடி எண்ணினார்.

இருபது.

இரண்டு பல் கூடினால் மேட்டில் மிதி லேசாகும், தட்டையில் கால் வீணாகச் சுற்றும். சைக்கிளைத் தொட்டிருக்கக்கூடியவன் உலகத்தில் ஒருவன்தான்.

"இது என்னாடா?"

ஷபீர் தண்ணீர்க் குவளையை மேசையில் வைத்தான். குனிந்து பார்க்கவில்லை. பார்க்க வேண்டிய அவசியம் அவனுக்கு இல்லை என்பது முகத்திலேயே தெரிந்தது.

"அண்ணே, ஓட்டம் முடியட்டும். பொறவு சொல்றேன்."

"எங்கிட்ட கேக்காம மாத்தியிருக்க."

"ஆமாண்ணே."

"உன்னோடது?"

ஷபீர் கொஞ்சம் தயங்கினான். "பதினெட்டு."

அந்தச் சொல்தான் குத்தியது. இருவருக்கும் மாற்றியிருந்தால்கூடப் பொறுத்திருக்கலாம். தன்னை மட்டும் கிழவனாக்கி, மெல்லிய கியரைக் கட்டிவிட்டு, முன்னால் காற்றுப் பிடிக்கிறேன் என்று இரக்கம் வேறு.

"அங்கிள், குடும்பச் சண்டையா? அப்ப நாங்க போறோம்!" என்று பிரவின் சிரித்துக்கொண்டே கிளம்பினான்.

"ஷபீர், இனிமே எஞ் சைக்கிளத் தொடாத," என்றார் ரேமண்ட். அவரும் கிளம்பிவிட்டார்.

மூன்றாம் சுற்றின் தட்டையில் ஷபீர் அவரை எட்டிப் பிடித்தான். "அண்ணே, மெதுவா லா. கேளுங்கண்ணே," என்று பக்கத்திலேயே வந்தான். ரேமண்ட் இன்னும் வேகமாக மிதித்தார். மேட்டில் இருபது பல் அவரைத் தூக்கிக்கொண்டு போனது. பின்னால் ஷபீரின் சைக்கிள் முனகும் சத்தம் விலகிக்கொண்டே வந்தது. உச்சியில் கால் தானாகத் தரையைத் தேடியது. அவர் ஊன்றவில்லை. ஜெபமும் சொல்லவில்லை. இறக்கத்தில் விட்டுவிட்டார்.

இறக்கம் முடியும் இடத்தில் கால்வாய்க்கு மேல் பலகைப் பாலம். இரவு மழையில் பாசி ஊறியிருந்தது. கவனமாகக் கடந்தார். முந்நூறு மீட்டர் போயிருப்பார், பின்னால் ஒரு சத்தம் கேட்டது. செம்பனைத் தோட்டத்தில் காய்ந்த ஓலை விழுந்தபடியேதான் இருக்கும். ஓலைதான் என்று நினைத்தார். திரும்பிப் பார்க்கவில்லை.

கோட்டைத் தொட்டதும் கைத்தட்டினார்கள். அட்டையும் பேனாவுமாக நின்ற பெண் கேட்டாள். "பார்ட்னர் எங்க அங்கிள்? ரெண்டு நிமிஷந்தான்."

"வருவான்."

கடிகாரத்தைப் பார்த்தார். ஒரு நிமிடம். கோபித்துக்கொண்டு வேண்டுமென்றே மெதுவாக வருகிறான் என்று நினைத்தார். இரண்டு நிமிடம். அந்தப் பெண் அட்டையில் அவர்கள் பெயரை அடித்துவிட்டாள். மூன்று. செம்பனை வரிசைகளுக்கு நடுவில் பாதை வெறுமையாகக் கிடந்தது. அவர்களுக்குப் பின்னால் வேறு அணியும் இல்லை. ஷபீரைப் பார்த்தீர்களா என்று யாரிடமும் கேட்க முடியாது.

அப்போது அந்தச் சத்தம் அவர் காதில் மறுபடியும் விழுந்தது. இம்முறை முழுதாக. ஓலை விழுந்தால் சரசரவென்று விழும். அந்தச் சத்தத்துக்குள் இரும்பு இருந்தது. அப்போதே இருந்தது. அவர் காது அதைக் கேட்டது. மனம்தான் ஓலை என்று பெயர் வைத்தது.

சைக்கிளின் பிடி தன் கையில் இருப்பதே தெரியவில்லை. அந்தப் பெண்ணின் வாய் அசைந்தது, சத்தம் கேட்கவில்லை. சைக்கிளைத் திருப்பியதோ ஏறியதோ நினைவில்லை. "எதிர்ப்பக்கமா போகக்கூடாது அங்கிள்!" என்ற குரல் எங்கோ பின்னால் வந்தது. கால்கள் சுற்றின, சுற்றின. வாய் ஒரே சொல்லைத் திருப்பித் திருப்பிச் சொன்னது. சேசுவே, சேசுவே.

பாலத்தின் ஓரப் பலகை ஒன்று பிளந்திருந்தது. கீழே கால்வாயில் சைக்கிள் தலைகீழாகக் கிடந்தது. அதன் சட்டத்துக்குள் ஒரு கை நுழைந்திருந்தது. அந்தக் கையின் பலத்தில்தான் ஷபீரின் தலை தண்ணீருக்கு மேல் நின்றது. தலைக்கவசம் இரண்டாகப் பிளந்திருந்தது. இடது தொடை, தொடை மடங்கக்கூடாத இடத்தில் மடங்கியிருந்தது.

ரேமண்ட் குதித்தார். சேறு இடுப்புவரை வந்தது. ஷபீரின் கழுத்துக்குக் கீழே கையைக் கொடுத்துத் தாங்கினார். முகம் சாம்பல் நிறத்தில் இருந்தது. கண்கள் திறந்திருந்தன, ஆனால் எதையும் பார்க்கவில்லை.

"ஷபீர்! டேய் தம்பி! எங்கிட்ட பேசுடா!"

கண்கள் மெல்ல அவர்மேல் வந்து நின்றன. உதடு அசைந்தது.

"அண்ணே... மூச்சு எப்படி இருக்கு?"

ரேமண்டுக்குப் புரியவில்லை. "என்னாடா?"

"நெஞ்சு வலிக்குதா? ரொம்ப வேகமா வந்தீங்களா?"

"உனக்கு... உனக்கு யாரு சொன்னா?"

"மகதலேனா அக்கா போன் பண்ணாங்க. லெட்டர் பாத்துட்டாங்களாம்." ஷபீர் பல்லைக் கடித்துக்கொண்டு நிறுத்தி நிறுத்திச் சொன்னான். "போவாதீங்கன்னா நீங்க கேக்க மாட்டீங்க. அதான் ரெண்டு பல்லு. மேட்டுல கஷ்டப்படாம... நேரா சொல்லியிருக்கணும். பயந்துட்டேன்ணே. ஓட்டத்த விட்டுட்டா எங்கூட வர மாட்டீங்களோன்னு."

செம்பனை மட்டைகளுக்கு இடையே வெயில் அப்படியே இறங்கிக்கொண்டிருந்தது. எங்கோ ஒரு பறவை கூவியது. ரேமண்டுக்கு இது எதுவும் நடக்கிற காரியமாகவே தோன்றவில்லை. கால் முறிந்து தண்ணீரில் கிடப்பவன் தன்னை விட்டு ஓடிப்போனவனின் நெஞ்சைப் பற்றிக் கேட்கிறான். அவரால் அழக்கூட முடியவில்லை. கழுத்தைத் தாங்கிய கையை மட்டும் அசைக்காமல் வைத்திருந்தார். அட்டையோடு நின்ற அந்தப் பெண் அனுப்பிய மோட்டார் சைக்கிள் வரும்வரை, பிறகு ஆம்புலன்ஸ் வரும்வரை, அசைக்கவில்லை. ஏற்றும்போது ஒரு தாதி வந்து அவர் விரல்களை ஒவ்வொன்றாக விலக்க வேண்டியிருந்தது.

ஆஸ்பத்திரியில் தொடை எலும்புக்குள் கம்பி வைத்தார்கள். அறுவை அறைக்கு வெளியே ஷபீரின் மனைவி நசீமா தஸ்பீஹ் மணியை உருட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் நாஜியா. இப்போது பதினொரு வயது. எல்லாவற்றுக்கும் கேள்வி கேட்கும் பிள்ளை அன்று ஒன்றுமே கேட்கவில்லை. அதுதான் ரேமண்டுக்குத் தாங்கவில்லை. சேறு காய்ந்த உடுப்போடு நசீமாவின் முன்னால் போய் நின்றார்.

"தங்கச்சி, நான் அவனுக்காக மேட்டுல நிக்கல. கோவத்துல போயிட்டேன். அவன் விழுந்த சத்தம் எனக்குக் கேட்டுச்சு. ஓலன்னு நெனச்சுக்கிட்டேன். திரும்பிப் பாக்கல."

மணியை உருட்டிய விரல் நின்றது. நசீமா நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். திட்டுவாள் என்று நினைத்தார். திட்டினால் நன்றாக இருக்கும் என்றும் நினைத்தார். அவள் கீழே குனிந்து பையிலிருந்து பிளாஸ்கை எடுத்தாள். மூடியில் தேநீர் ஊற்றி நீட்டினாள்.

"திரும்பி வந்தீங்கல்ல. குடிங்கண்ணே. உங்களுக்கும் நெஞ்சு சரியில்லயாம்."

அவர் அந்த மூடியை இரண்டு கையாலும் வாங்கினார். பாதித் தேநீர் தரையில் சிந்தியது. நாஜியா எழுந்து போய்த் துடைப்பதற்குத் தாள் கொண்டுவந்தாள்.

அடுத்த மாதம் ரேமண்டின் இதயக் குழாயில் ஸ்டென்ட் எனும் ஒரு சின்ன வலைக்குழல் வைத்தார்கள். "நல்ல நேரத்துல வந்தீங்க," என்றார் டாக்டர். இருவரும் அவரவர் வீட்டில் நடை பழகினார்கள். தினமும் போனில் யார் எத்தனை அடி நடந்தார்கள் என்று போட்டி. ஷபீர் கூட்டிச் சொல்வான். ரேமண்டுக்குத் தெரியும், விட்டுவிடுவார். தன் சைக்கிளில் அந்த இருபது பல்லை அவர் மாற்றவே இல்லை.

பத்து மாதம் கழித்து ஷபீர் சொன்னான், "பேரு குடுத்துடுங்கண்ணே." அவன் டாக்டர் சரி என்றார். ரேமண்டின் டாக்டரும், மெதுவாக என்றால் சரி என்றார்.

"நீயும் இருபது போட்டுக்கயேன். ரெண்டு பேரும் ஒண்ணா போலாம்."

"எனக்கென்னா வயசாயிடுச்சா? காலு சரியாயிடுச்சு. பதினெட்டுதான்."

கால் சரியாகவில்லை. பயிற்சிக்குப் போன காலைகளில் ரேமண்ட் பின்னாலிருந்து பார்த்தார். சின்ன ஏற்றத்தில்கூட இடது காலில் தள்ளு இல்லை. வலது கால் இரண்டின் வேலையையும் செய்தது. இறங்கும்போது ஷபீர் தொடையை யாருக்கும் தெரியாமல் அமுக்கிவிட்டுக்கொண்டான். நசீமாவுக்கும் சொல்லவில்லை. கண்டதை ரேமண்டும் யாரிடமும் சொல்லவில்லை. கடிதத்தை மடித்து வைத்தவருக்கு அந்த மறைப்பு நன்றாகவே புரிந்தது.

ஓட்டத்துக்கு முந்தின வெள்ளிக்கிழமை அவர் அரைநாள் விடுப்பு எடுத்தார். கேஎல் சென்ட்ரலில் கொம்யூட்டர் ரயில் ஏறிக் கிள்ளான் போனார். ஜும்மாத் தொழுகைக்காகத் துணிக்கடையின் இரும்புக் கதவு பாதி இறங்கியிருந்தது. ஷபீரும் கடை ஆட்களும் பள்ளிவாசலுக்குப் போய்விட்டார்கள். நசீமாவும் நாஜியாவும் வீட்டில். பின்பக்கச் சாமான் அறையின் சாவி எந்தப் பூந்தொட்டிக்குக் கீழே இருக்கும் என்பது அவருக்குத் தெரியும்.

புடவை மூட்டைகளுக்கு நடுவில் ஷபீரின் சைக்கிள் கவிழ்ந்து கிடந்தது. புதிய சட்டம், பழைய பல்சக்கரம். ரேமண்ட் முட்டி போட்டு உட்கார்ந்தார். சட்டைப் பையிலிருந்து, கைக்குட்டையில் சுற்றிக் கொண்டுவந்த பல்சக்கரத்தை எடுத்தார். இத்தனை வருடம் ஷபீரின் கையில் பார்த்த ஸ்பேனரைத் தன் கையில் எடுத்தபோது கொஞ்சம் கூசியது. பின் சக்கரத்தைத் தளர்த்தினார். கழற்றினார். மாட்டினார். சக்கரத்தை ஒரு விரல் நகத்தின் அளவு முன்னால் தள்ளி, செயின் இழுப்பைக் கட்டைவிரலால் சோதித்து, முடுக்கினார். முடுக்கியதை மறுபடியும் முடுக்கினார். பலகைப் பாலம் நினைவுக்கு வந்தது. பிரேக்கையும் பார்த்தார்.

கழற்றிய பதினெட்டை அதே கைக்குட்டையில் சுற்றி, கழற்றும் கருவியோடு சேர்த்து, ஷபீரின் இருக்கைப் பையில் வைத்தார். வேண்டாமென்றால் அவன் மாற்றிக்கொள்ளட்டும். தனக்குக் கிடைக்காத அந்த ஒரு வாய்ப்பு அவனுக்கு இருக்கட்டும்.

பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் குத்பா உரை முடிந்து தொழுகைக்கு அழைத்தார்கள். ரேமண்ட் மிதியைக் கையால் சுற்றிவிட்டார். சக்கரம் சத்தமில்லாமல் ஓடியது. அது நிற்கும்வரை காத்திருந்து, ஒரு பல்லில் விரலை வைத்து எண்ணினார். இருபது. மறுபடியும் எண்ணினார்.

பழந்துணியில் கையைத் துடைத்தார். ஸ்பேனரை எடுத்த இடத்திலேயே, கைப்பிடி இடப்பக்கம் இருக்கும்படி வைத்தார். கதவைப் பூட்டிச் சாவியைத் தொட்டிக்குக் கீழே தள்ளினார். ஷபீர் தொழுது முடிப்பதற்குள் ரயில் ஏறிவிட வேண்டும் என்று, டாக்டர் சொன்ன அளவுக்கு மேல் போகாத வேகத்தில், ஸ்டேஷனை நோக்கி நடந்தார்.